நிழற்படமும் நீதிமன்றமும்

உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில், உவர்மலையிலாகட்டும், கிண்ணியாவிலாகட்டும், நிலாவெளியிலாகட்டும், பிள்ளைகள் உள்ள வீடுகளில் மாலை வேளைப் பேச்சு ஒன்றேதான். மருத்துவம் கிடைக்குமா, பொறியியல் கிடைக்குமா என்ற பழைய கேள்விகளோடு இந்நாட்களில் புதிதாக ஒன்றும் சேர்ந்துகொண்டிருக்கிறது. "அவுஸ்திரேலியாவில் இரண்டு பட்டங்களுக்கு ஒன்றாகப் படிக்கலாமாம் அப்பா. டிஜிட்டல் ஊடகமும் குற்றவியல் நீதியும் சேர்த்துப் படித்தால் என்ன?" என்று பிள்ளை கேட்கிறது. தகப்பனார் பத்திரிகையை மடித்து வைக்கிறார். "படம் பிடிக்கிறவனுக்கும் நீதிமன்றத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு காலா?" என்பது அவர் விடை.

தகப்பனாரைக் குறை சொல்வதற்கில்லை. பணம் கட்டுகிறவர் அவர். ஆயினும் இந்தச் சம்பந்தம் என்னவென்று அறிவதற்கு அவுஸ்திரேலியாவரை போகவேண்டியதில்லை. வேறெந்த ஊரும் அறியாத அளவுக்கு அதனைத் திருகோணமலை அறிந்திருக்கிறது. அறிந்துகொண்டதற்குக் கொடுத்த விலையும் சிறிதன்று.

முதலில் இந்த இரட்டைப் பட்டம் என்பது யாதென்று சொல்லிவிடுவோம். ஒரு மாணவர் ஒரே காலத்தில் இரு துறைகளிற் பயின்று இறுதியில் இரண்டு பட்டங்களைப் பெறும் ஏற்பாடு அது. விருப்பப் பாடங்களாகக் கழியும் நேரத்தை மற்றைய துறைக்கு ஒதுக்கிவிடுவதால், தனித்தனியே ஆறாண்டுகள் செல்லக்கூடிய படிப்பு நான்கு அல்லது ஐந்து ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது. அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் இது பழகிப்போன வழக்கம். இந்தியாவிலும் 2022 ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு இரண்டு பட்டங்களை ஒரே வேளையிற் படிப்பதற்கு இடமளித்தது. டிஜிட்டல் ஊடகப் பகுதியில் படமெடுத்தல், ஒலி ஒளி தொகுத்தல், செய்தியின் மெய்ம்மையைச் சோதித்தல் முதலியன அடங்கும். குற்றவியல் நீதிப் பகுதியில் பொலிஸ் விசாரணை, நீதிமன்ற நடைமுறை, சான்றுச் சட்டம், சிறைச்சாலை, பாதிக்கப்பட்டோர் நிலை என்பன வரும். இவ்விரண்டும் எங்கே சந்திக்கின்றன?

2006 ஆம் ஆண்டு ஜனவரி 2 ஆந் திகதி மாலை, திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அண்மையில் இளைஞர் சிலர் கூடியிருந்தனர். கோணேசர் கோவில் மலையை ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு காற்று வாங்குவதற்கு ஊரார் வந்து அமரும் இடம் அது. முச்சக்கர வண்டியிலிருந்து ஒரு கைக்குண்டு வீசப்பட்டது. பின்னர் படையினர் வந்தனர், அடித்தனர், சுட்டனர் என்பது உயிர் தப்பியவர்களின் கூற்று. மாணவர் ஐவர் மாண்டனர், இருவர் காயமுற்றனர். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டு அவர்கள் நடுவிலேயே வெடித்துவிட்டது என்பது முதலில் அதிகார தரப்பிலிருந்து வெளியான விளக்கம்.

அந்த விளக்கத்தை நிலைகுலையச் செய்தது ஒரு கமரா. 'சுடர் ஒளி' பத்திரிகையின் திருகோணமலைச் செய்தியாளராயிருந்த சுப்பிரமணியம் சுகிர்தராஜன், உயிரற்ற உடல்களைப் படம் பிடித்தார். தலையிலும் உடலிலும் காணப்பட்ட துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் அப்படங்களில் தெளிவாகத் தெரிந்தன. பத்திரிகையில் அவை வெளிவந்தபின் கைக்குண்டுக் கதையை நம்புவோர் இலராயினர். பிரேத பரிசோதனையும் துப்பாக்கிக் காயங்களையே கூறிற்று. ஆனால் வைத்தியரின் அறிக்கை கோவைக்குள் இருப்பது. படமோ வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது. ஜனவரி 24 ஆந் திகதி காலை, வேலைக்குப் போகப் புறப்பட்டு வீதியில் நின்ற சுகிர்தராஜன், இனந்தெரியாதோராற் சுட்டுக் கொல்லப்பட்டார். படங்கள் வெளியாகி ஒரு மாதங்கூட ஆகவில்லை. அக்கொலைக்காக ஒருவரேனும் தண்டிக்கப்படவில்லை.

படம் எடுத்தவர் போய்விட்டார். படம் இருந்தது. இனி அந்தப் படம் நீதிமன்றப் படியேறினால் என்ன நேரும்? ஊடகக் கல்வி முடிவடைந்து நீதிக் கல்வி தொடங்கும் இடம் இதுதான். பத்திரிகை வாசகர் "இது உண்மையா?" என்று கேட்பார். நீதவானோ "இதனை எடுத்தவர் யார்? எப்போது? எந்தக் கருவியால்? இன்றுவரை யார் யார் கையில் இருந்தது? இதில் எவரும் கைவைக்கவில்லை என்று யார் சத்தியம் செய்வார்?" என்று கேட்பார். முதற் கேள்விக்கு விடையிறுக்கக் கற்றவர் இரண்டாவது கேள்வி வரிசையின் முன் வாயடைத்து நிற்பதுண்டு. எடுத்தவரே உயிரோடு இல்லாதபோது நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை.

இலங்கையின் சான்றுக் கட்டளைச் சட்டம் 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம். 1872 ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டத்தைப் பின்பற்றி எழுந்தது. அதனை ஆக்கியோர் கணினியைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். ஒலிப்பதிவு நாடா வந்தபோது 1950களில் நம் நீதிமன்றங்கள் அதனை ஒருவாறு ஏற்றுக்கொண்டன. கணினிப் பதிவுகள் வந்தபோதுதான் சிக்கல் முற்றியது. பென்வெல் என்னும் அவுஸ்திரேலியரை அந்நாட்டிடம் ஒப்படைப்பது பற்றி 1970களின் இறுதியில் எழுந்த வழக்கில், கணினியிலிருந்து பெறப்பட்ட சான்று பழைய சட்டத்தின் எந்த அறைக்குள்ளும் அடங்காதது என்று நீதிமன்றம் கருதிற்று. அந்தக் குறையை நீக்கச் சட்டம் வருவதற்கு மேலும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாயின. சட்டம் கருவிக்குப் பின்னாலேயே நடந்துவருவது எந்நாட்டிலும் உள்ள வழக்கந்தான். நம் நாட்டில் சற்று ஆறுதலாகவே நடந்தது.

1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டமே அது. நிகழ்ச்சி நடந்த வேளையிலேயே இயந்திரத்தாற் பதிவான ஒலியும் ஒளியும் சான்றாகலாம் என்று அது விதித்தது. ஆனால் நிபந்தனைகள் உண்டு. பதிவு செய்த கருவி அவ்வேளையில் ஒழுங்காக இயங்கியிருக்க வேண்டும். பதிவு மாற்றப்படாமலும் திருத்தப்படாமலும் இருந்திருக்க வேண்டும். இத்தகைய சான்றைக் கொண்டுவர எண்ணுபவர் விசாரணைத் தினத்துக்கு 45 நாட்களுக்கு முன்னரே எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். எதிர்த்தரப்பினர் அதனைப் பார்வையிடக் கேட்கலாம். இந்த 45 நாள் விதியை அறியாத படப்பிடிப்பாளர் எத்தனை நேர்த்தியாகப் படமெடுத்திருந்தாலும், வழக்கறிஞர் அவரைக் கடைசி வாரத்தில் தேடிப் பிடிப்பாராயின், அந்நேர்த்தி பயன்படாது போகலாம்.

'மாற்றப்படாமல்' என்ற அந்த ஒரு சொல்லில் இக்காலத்துத் தொழில்நுட்பம் முழுவதும் அடங்கிக் கிடக்கிறது. கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறிப்புச் சீட்டு உண்டு. எடுத்த நாள், நேரம், கருவியின் வகை, சில வேளை இடத்தின் அகலாங்கு நெட்டாங்கு கூட அதில் எழுதப்பட்டிருக்கும். அதே படத்தை 'வாட்ஸ்அப்' வழியே வழக்கமான முறையில் நண்பருக்கு அனுப்பினால், படம் சுருங்குவதோடு அந்தச் சீட்டும் கிழித்தெறியப்படுகிறது. நண்பர் பெறுவது வெறும் படம். பிறப்பத்திரம் இல்லாத பிள்ளை. ஆகவே நிகழ்வொன்றைப் பதிவு செய்தவர் செய்யவேண்டிய முதற் காரியம் அதனை அனுப்புவதன்று. மூலத்தை அப்படியே பத்திரப்படுத்துவது.

பத்திரப்படுத்தியதை மெய்ப்பிக்கவும் வழியுண்டு. ஒரு கோப்பைக் கணிதச் சூத்திரமொன்றில் இட்டால் அது ஓர் அடையாள எண்ணைத் தரும். 'ஹாஷ்' என்று அதனை அழைக்கிறார்கள். பெரிதும் வழங்கும் ஒரு முறையில் அது 64 எழுத்து நீளமுடையது. படத்தில் ஒரேயொரு புள்ளியை மாற்றினாலும் அவ்வெண் முற்றாக வேறுபட்டுவிடும். கைவிரல் ரேகை மனிதனுக்கு எப்படியோ அப்படியே இது கோப்புக்கு. பதிவு கைக்கு வந்த அன்றே இவ்வெண்ணைக் குறித்துவைத்தவர், ஐந்தாண்டு கழித்து நீதிமன்றத்தில் அதே எண்ணைக் காட்டி, இடையில் எவரும் தொடவில்லை என்று நிமிர்ந்து சொல்லலாம். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சான்றுச் சட்டம், இவ்வெண்ணைச் சான்றிதழ்ப் படிவத்திலேயே கேட்கிறது.

அதற்குப் பிறகும் ஐயங்கள் எழாமற் போகா. போரின் இறுதிக் காலத்தில், கைகள் கட்டப்பட்டோர் சுடப்படும் காட்சியொன்று 2009 ஆகஸ்டில் பிரித்தானியாவின் 'சனல் 4' தொலைக்காட்சியிற் காட்டப்பட்டது. பொய்யான பதிவு என்று இலங்கை அரசு மறுத்தது. ஐக்கிய நாடுகள் சபையின் விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் அதனை மூவரிடம் ஒப்படைத்தார். ஒருவர் சடலங்களை ஆயும் வைத்தியர். ஒருவர் துப்பாக்கிகள் பற்றி அறிந்தவர். ஒருவர் ஒளிப்பதிவுகளைப் பகுப்பவர். துப்பாக்கி பின்னுதைக்கும் விதமும், உடல் சாயும் விதமும், படத்தின் அமைப்பும் மெய்யான நிகழ்வுக்கு ஒத்தவை என்று 2010 ஜனவரியில் முடிவு வெளியாயிற்று. அதே வேளை, பதிவிற் குறிக்கப்பட்டிருந்த நாள் 2009 ஜூலை 17 என்பது போன்ற விளங்காத சில அம்சங்களும் உள்ளன என்று அந்த அறிக்கையே வெளிப்படையாகக் கூறியது. போர் முடிந்ததோ மே மாதத்தில். தமக்குப் பாதகமானதையும் மறைக்காமல் எழுதிய இந்த அறிக்கையை, இரட்டைப் பட்டம் படிக்கும் எந்த மாணவரும் முதலாண்டிலேயே படித்துவிட வேண்டும் என்பது நம் எண்ணம்.

மீண்டும் கடற்கரை வழக்குக்கு வருவோம். இவ்வழக்கில் தோற்றது படம் அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். 2006 நவம்பரில் நியமிக்கப்பட்ட ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழு இதனை விசாரித்தது. அதன் பணியை அவதானிக்க வந்த வெளிநாட்டு அறிஞர் குழுவுக்கு இந்தியாவின் முன்னாள் பிரதம நீதியரசர் பகவதி தலைமை தாங்கினார். சாட்சிகளிற் பலர் அச்சத்தால் நாட்டைவிட்டே போயிருந்தனர். 2008 இல் வெளிநாட்டிலிருந்தவாறே ஒளிக்காட்சி இணைப்பு மூலம் சாட்சியம் பெறும் முறை தொடங்கப்பட்டது. கமராவுக்கு முன் அமர்ந்து, பல்லாயிரம் மைலுக்கப்பால் தாம் கண்டதைச் சொன்னார்கள். சில மாதங்களில் அந்த ஒழுங்கு நிறுத்தப்பட்டது. கம்பி அறுந்ததால் அன்று, மேலிடத்துப் பணிப்பினால்.

2013 இல் கைதுகள் நிகழ்ந்தன. பொலிஸ் விசேட அதிரடிப் படையினர் உள்ளிட்ட 13 பேர் மீது திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 2019 ஜூலை 3 ஆந் திகதி, போதிய சான்றில்லை எனப் பதின்மூவரும் விடுதலை செய்யப்பட்டனர். சட்டத்தின் கண்ணில் அவர்கள் குற்றமற்றவர்கள். ஐவரைச் சுட்டது யார் என்ற கேள்வி பதிலின்றி நிற்கிறது. எவ்வாறு இறந்தார்கள் என்பதைக் காட்டப் படம் போதுமாயிருந்தது. யார் கொன்றது என்பதைக் காட்ட மனிதர் வந்து பேச வேண்டியிருந்தது. அம்மனிதர்களைக் காப்பதற்கென ஒரு சட்டம் நம் நாட்டில் 2015 இலேயே பிறந்தது. தொலைவிலிருந்து ஒலி ஒளி இணைப்பில் சாட்சியளிக்க அது இடந்தந்தது. அதன் இடத்தை 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் எடுத்துக்கொண்டது. ஒரு சாட்சியின் முகத்தை மறைத்து, குரலை மாற்றி, அதே வேளை அவர் அவரே என்பதை நீதவானுக்கு உறுதிப்படுத்தி, இடையில் எவரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்காதபடி பார்த்துக்கொள்வது எவர் வேலை? வெறும் தொழில்நுட்பம் தெரிந்தவராலும் முடியாது. வெறும் சட்டம் தெரிந்தவராலும் முடியாது.

நம் துறைமுகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2008, 2009 ஆம் ஆண்டுகளிற் கொழும்புப் பகுதியிற் கடத்தப்பட்ட 11 பேர் திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள் தடுத்துவைக்கப்பட்டிருந்தனர் என்பது அவ்வழக்கில் முன்வைக்கப்பட்ட குற்றச்சாட்டு. ஐ.நா.வின் வலிந்து காணாமலாக்கப்பட்டோர் பற்றிய செயற்குழு 2015 நவம்பரில் இங்கு வந்து, தளத்தினுள் இரகசியத் தடுப்பிடமாயிருந்த அறைகளைக் கண்டது. அந்த விசாரணையில் தொலைபேசித் தொடர்புப் பதிவுகளுக்கு முக்கிய இடம் இருந்தது. எந்த இலக்கம் எந்த வேளையில் எந்தக் கோபுரத்தின் வழியே பேசியது என்ற வறண்ட பட்டியல்தான் அது. படிக்கத் தெரிந்தவருக்கு அது வரைபடம். தெரியாதவருக்கு வெறும் எண்கள்.

உலகமும் இத்திசையிலேயே போகிறது. லிபியாவைச் சேர்ந்த படைத் தலைவர் ஒருவரைக் கைது செய்ய 2017 இல் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் பிடியாணை பிறப்பித்தபோது, சமூக ஊடகங்களில் வெளியான ஒளிப்பதிவுகளைப் பெரிதும் ஆதாரமாகக் கொண்டது. இத்தகைய பதிவுகளைத் திரட்டும் முறைக்கென 2020 இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகமும் கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்து மனித உரிமை நிலையமும் சேர்ந்து ஒரு நெறிமுறை நூலை வெளியிட்டன. பொய்ப் படங்களும் பெருகிவிட்டன. ஒருவர் முகத்தை மற்றொருவர் உடலிற் பொருத்தும் வித்தை இன்று பள்ளி மாணவன் கையிலும் உண்டு. குற்றமற்றவர் பொய்ப் படத்தாற் சிறைக்குப் போகாமற் காப்பதும் இதே கல்வியின் கடமை. படமெடுப்பவர் தம்மைக் காக்கவும் சட்டம் அறியவேண்டும். 2007 ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டமும், 2024 இல் கடும் விவாதத்தினிடையே நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் பெயரளவிலாவது தெரிந்திராத ஊடக மாணவர், கண்ணைக் கட்டிக்கொண்டு வீதியைக் கடப்பவர்.

இனித் தகப்பனாருக்கு. வெளிநாட்டுச் செலவு எல்லார்க்கும் இயலாது. நிலாவெளி கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் கற்கைகளும் கணினி விஞ்ஞானமும் உண்டு. சட்டத்துக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சட்டத்துறையும், திறந்த பல்கலைக்கழகமும், 1874 இல் தோன்றிய சட்டக் கல்லூரியும் இருக்கின்றன. கடல் கடந்து போவதாயினும் திருநெல்வேலி போதும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக் குற்றவியல் துறையிலிருந்த ஜெய்சங்கர் 2007 இல் தொடங்கிய ஆய்விதழ், இணையக் குற்றவியலுக்கெனத் தனியே எழுந்தது. ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தாலும் பயன் குறையாது, காலந்தான் கூடும். உத்தியோகம் கதவைத் தட்டிக்கொண்டு வரும் என்று நாம் சொல்லமாட்டோம். இந்த நாட்டில் அத்தகைய பதவிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. வழக்கறிஞர் அலுவலகம், பத்திரிகை நிலையம், வங்கியின் மோசடி விசாரணைப் பிரிவு என்று பிள்ளை தானே வழிதேட வேண்டியிருக்கும்.

பிள்ளைக்கு இதில் உண்மையான நாட்டம் உண்டா என்று அறியச் செலவில்லாத வழி ஒன்றுண்டு. நம் நீதிமன்றங்கள் திறந்த மன்றுகள். திருகோணமலையில் வழக்குகள் தமிழிலேயே நடக்கின்றன. விடுமுறையில் ஒரு காலை வெள்ளைச் சட்டை அணிந்து போய்ப் பின்வரிசையில் அமர்ந்து, ஒரு சாட்சி குறுக்கு விசாரணைக்கு உட்படுவதை மதியம் வரை கேட்டுக்கொண்டிருக்கலாம். குறிப்பு எடுப்பதாயின் தாளும் பேனாவும் கொண்டு போகட்டும். கைத்தொலைபேசியை வாயிலிலேயே நிறுத்திவிட வேண்டும். உள்ளே படம் பிடிக்க அனுமதியில்லை.